மூன்றாம் நாள் எதிர்ச்சுற்று

நாற்பத்தாறு வயதில் ஒருவன் சைக்கிள் பந்தயத்தில் பெயர் கொடுக்கிறான் என்றால் அவனுக்குச் சர்க்கரை இருக்க வேண்டும், இல்லை கொழுப்பு இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். இருபது வருடமாக நான் கண்காணித்ததெல்லாம் என் நாற்காலியைத்தான். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தால் தெரிந்தவர்கள் நிறுத்தி பட்டா மாறுதல் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். சைக்கிள் என்றால் நிறுத்த மாட்டார்கள் என்று வாங்கினேன்.

இந்த ஊரில் சைக்கிளை எடுத்தால் மலையைத்தான் சுற்ற வேண்டும், வேறு வழியில்லை. அப்படிச் சுற்றும்போது பழக்கமானவர்கள்தான் மற்ற இரண்டு பேரும். ஒருவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் வாத்தியார். கிரகணத்தன்று வகுப்பில் பிள்ளைகளுக்கு மசால்வடை வாங்கிக் கொடுத்துத் தின்ன வைத்தவர். நானும் அந்த ஜாதிதான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊருக்குள் வந்து இறங்கும் ஜனத்தை மொட்டை மாடியில் நின்று திட்டுவது என் வழக்கம். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயரே 'பகுத்தறிவு'. சாமி இல்லை என்று யாராவது பேச ஆரம்பித்தால் என் வாயை மூட முடியாது.

மூன்றாமவர் குருக்கள். கோயிலில் முறை வைத்துப் பூஜை செய்யும் குடும்பம். வயது இருபத்தெட்டு. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது பாதி விலைக்குத் தள்ளிவிட்ட சைக்கிள் அவருடையது. காலை பூஜை முடிந்ததும் வேட்டியை மடித்து வைத்துவிட்டு, தொடையைப் பிடிக்கிற கறுப்பு டிராயரில் ஏறி உட்கார்ந்தால் ஆள் காற்றாகப் போவார். நானும் வாத்தியாரும் அவருடைய முதுகைக்கூடப் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் புழுதியைப் பார்ப்போம்.

அந்த டிராயர்தான் அவர் வீட்டில் பிரச்சினை. "வேட்டி கட்டற வம்சத்துல ஒருத்தன் ஜட்டியோட ஊர் சுத்தறான்" என்று அவருடைய அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். பெண் வீட்டார் இரண்டு பேர் வந்து, மாப்பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ்காரர்கள் நம் ஊரில் மூன்று நாள் சைக்கிள் பந்தயம் வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. அப்பாவும் பிள்ளையும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். முதல் இடம் வந்தால் ஆயுசுக்கும் ஓட்டிக்கொள்ளலாம். வராவிட்டால் அந்தச் சனியனை விற்றுத் தலைமுழுகிவிட்டுச் சொன்ன பெண்ணைக் கட்ட வேண்டும்.

"நான் சைக்கிள விட்டா செத்துடுவேன் சார்" என்றார் குருக்கள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

மூன்று பேர் சேர்ந்தால்தான் அணி. அதனால் நாங்கள் மூன்று பேரும் பச்சை நிறத்தில் ஒரே மாதிரி பனியன் தைத்துக்கொண்டோம். குருக்களுக்கு அது பொருந்தியது. எனக்கும் வாத்தியாருக்கும் தலையணை உறைக்குள் இரண்டு தலையணையைத் திணித்த மாதிரி இருந்தது. பந்தயக் கணக்கு சுலபம்: ஒரு நாளைக்கு ஒரு கட்டம், மூன்று நாள் நேரத்தையும் கூட்டுவார்கள், யாருக்குக் கம்மியோ அவர் முதல்.

முதல் நாள் சமதளம், கீழ்பென்னாத்தூர் வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். பாதி ரோட்டில் வேர்க்கடலை காயப் போட்டிருந்தார்கள். மெட்ராஸ் பையன்கள் இரண்டு பேர் அதில் வழுக்கி விழுந்தார்கள். கடலைக்காரம்மா அவர்களைத் தூக்கவில்லை, கடலையைத்தான் கூட்டி அள்ளினார். இரண்டாம் நாள் ஜவ்வாது மலை ஏற்றம். நான் மூச்சு முட்ட மிதித்துக்கொண்டிருக்கையில், தலையில் விறகுக்கட்டோடு நடந்த ஒரு அம்மா என்னை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில், "எறங்கித் தள்ளேன் சாமி, எதுக்கு இப்டி உசுர வுடற?" என்று கேட்டார். இறங்கித் தள்ளினேன். அப்போதும் அவர்தான் முன்னால் போனார்.

ஆனால் குருக்கள் அந்த மலையில் சும்மா பறந்துவிட்டார். இரண்டு நாள் முடிவில் இரண்டாம் இடம். முதல் இடத்தில் மெட்ராஸ் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ஒருவர். இருவருக்கும் இடையில் பதினோரு விநாடி. மறுநாள் மலையைச் சுற்றி மூன்று சுற்று. எங்கள் ரோடு! ஒவ்வொரு குழியும் எங்களுக்குச் சொந்தக்காரன். வாத்தியார் அன்றைக்கே கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

சாயங்காலம் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு விதிகளைச் சொன்னார்கள். மூன்று சுற்றும் மலையை இடப்பக்கம் வைத்து ஓட்ட வேண்டும். அப்படிப் போனால் எல்லாமே இடது திருப்பம், எதிரே வரும் வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை, பாதுகாப்பு என்று விளக்கினார் ஏற்பாட்டாளர். நியாயமான காரணம்தான். ஆனால் மண்டபத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேர் முகமும் செத்துவிட்டது. இந்த மலையை யாரும் அந்தப் பக்கமாகச் சுற்ற மாட்டார்கள். குடிகாரன்கூட வலமாகத்தான் தள்ளாடுவான். உள்ளூர் அணி ஒன்று அங்கேயே எழுந்து பெயரை வாபஸ் வாங்கியது.

எல்லோரும் குருக்களைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், கொஞ்சம் குஷியாகவே பார்த்தேன். சாஸ்திரம் வந்து சைக்கிளைப் பிடித்து இழுக்கப்போகிறது, பார்க்கலாம் என்று.

அவர் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னார்: "சங்கல்பம் பண்ணிட்டுச் சுத்தினாத்தான் சார் அது கிரிவலம். நாளைக்கு இது வெறும் ரோடு. மலையா நிக்கறவருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல."

அவ்வளவுதான். நான்தான் 'இடப்பக்கமேதானா?' என்று ஏற்பாட்டாளரை இன்னொரு தடவை கேட்டேன். வாத்தியாரைப் பார்த்தேன். அவர் மண்டபத்து மின்விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார்.

அடுத்த விதி: யாருக்காவது பஞ்சர் ஆனால், பின்னால் வரும் சொந்த அணிக்காரர் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்கலாம். வேறு யாரும் உதவக் கூடாது. வெளியே வந்ததும் குருக்கள் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க ஜெயிக்க வேணாம் சார். வேகமாக்கூட வர வேணாம். கடைசி வரைக்கும் என் பின்னாடி எங்கயாவது வந்துட்டே இருங்க. அது போதும்."

"அட, இது ஒரு விஷயமா? கவலையே படாதீங்க" என்றேன். இப்போது நினைத்தாலும் அந்த வாயில் இரண்டு போட வேண்டும் போலிருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் செங்கம் ரோட்டில் கொடி அசைத்தார்கள். ஊருக்குள் புகுந்து, குபேர லிங்கம் கடந்து, அடி அண்ணாமலை வழியாகத் திரும்பி வர வேண்டும். குருக்களும் மெட்ராஸ்காரரும் முதல் ஐந்து நிமிடத்திலேயே கண்ணை விட்டு மறைந்தார்கள். எனக்கு வலது தோள் பக்கம் காலியாக இருந்தது. மலை இடது பக்கம் நின்று என்னையே பார்த்தது. குபேர லிங்கம் வந்தபோது என் வலது கை தானாகவே கைப்பிடியை விட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சீ, என்ன இது என்று கையை இறக்கினேன். அடுத்து வாயு லிங்கம். கை மறுபடியும் ஏறியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். வாத்தியார் ஒற்றைக் கையில் ஓட்டிக்கொண்டு வந்தார். மற்றொரு கை கன்னத்தில் இருந்தது. இருவரும் பார்த்துக்கொள்ளாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

இரண்டாவது சுற்றில் ரோட்டோரத்தில் ஜனம் சேர்ந்துவிட்டது. வழி தெரியாத வெளியூர்க்காரர்கள் என்று எங்களை நினைத்துக்கொண்டு, "யோவ், ராங் சைடுயா! திரும்புங்கயா!" என்று டீக்கடையிலிருந்து கத்தினார்கள். அடி அண்ணாமலை அருகே ஒரு காவி வேட்டிப் பெரியவர் கையை ஆட்டி, "ஏம்பா, இருக்கற ஆயுச எதுக்குப்பா ரிவர்ஸ்ல சுத்திக் கழிக்கிறீங்க?" என்று கேட்டார்.

நான் பிரேக்கைப் பிடித்தேன். தண்ணீர் குடிக்கத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அரசாங்கத்தில் இருபது வருடம் கோப்பு பார்த்த மூளை அங்கே நின்று கணக்குப் போட்டது. சுற்றியது ஒன்றரைச் சுற்று. இங்கேயே திரும்பி வலமாகப் போனால் அரைச் சுற்று கழியும். அப்படியே விடாமல் இன்னும் ஒன்று போனால் எல்லாம் நேராகிவிடும். பாக்கி எதுவும் நிற்காது. சர்க்கரை நினைவுக்கு வந்தது, பிளஸ் டூ எழுதியிருந்த மகள் நினைவுக்கு வந்தாள். குருக்கள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. சைக்கிளைத் திருப்பினேன்.

இருநூறு அடி போவதற்குள் எதிரே வாத்தியார் வந்தார். ஏன் திரும்பி வருகிறீர்கள் என்று அந்த அறிவியல் வாத்தியார் கேட்கவே இல்லை. வண்டியைத் திருப்பி என் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"தொடை புடிச்சிக்கிச்சு" என்றேன்.

"எனக்கும்தான் சார்" என்றார்.

தொடை பிடித்த இரண்டு பேரும் மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு, மண்ணோரமாக, நிம்மதியாக மிதித்தோம். பொய் சொல்லக் கூடாது, அந்தப் பதினைந்து நிமிடம் போல எனக்கு அந்தப் பந்தயத்தில் சுகமான நேரம் வேறு கிடையாது. மெட்ராஸ்காரர் அதற்குள் மூன்றாவது சுற்றுக்கே வந்துவிட்டார்; எதிரே வந்து, தன்னந்தனியாக எங்களைக் கடந்து போனார். குருக்கள் எங்கே என்று எனக்குத் தோன்றுவதற்குள் குபேர லிங்கம் வந்துவிட்டது.

அங்கே ரோட்டோரம் பச்சைப் பனியன் நின்றது. பின்சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி ஊர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பின்னாலிருந்து அந்த வழியாகத்தானே வர வேண்டும்? நாங்கள் வந்ததோ அவருடைய முதுகுப் பக்கமிருந்து.

பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினார். முதலில் சந்தோஷம்தான் தெரிந்தது. "சார்! ஆணி சார், சீக்கிரம், சக்கரம்..." என்றவர் நிறுத்திவிட்டார். எங்கள் சைக்கிளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார்.

நான் என் பின்சக்கரத்தைக் கழற்றி நீட்டினேன். அதற்குள் பைக்கில் வந்த நடுவர், "சார், நீங்க எதிர்த் திசையில ஓட்டியிருக்கீங்க. ரெண்டு பேருமே அவுட். இவர் உங்க சக்கரத்த வாங்கினா இவரும் அவுட்" என்றார்.

குருக்கள் கோபப்பட்டிருந்தால் தேவலை. தன் சக்கரத்தை மடியில் வைத்து டயரைப் பிரித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "என்கூட ஓட்றதுக்கு நம்ம தெருவுலயே நல்ல பசங்க நாலு பேர் இருந்தாங்க சார். இந்த மாதிரி ஏதாவது வந்தா நின்னுடுவாங்கன்னு பயந்து, நம்பிக்கை இல்லாத ஆளுங்கன்னுதான் உங்க ரெண்டு பேரையும் சேத்தேன்."

வாத்தியார் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். அவருடைய ஷூவில் கயிறே கிடையாது.

டியூப் மாற்றி, காற்றடித்து, அவர் கிளம்ப ஏழு நிமிடம் ஆனது. அதற்குள் ஒரு கூட்டமே அவரைக் கடந்து போய்விட்டது. முடிவுக் கோட்டைத் தொடும்போது மொத்தத்தில் பதினாலாவது இடம். நாங்கள் குறுக்கு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருடைய அப்பா பட்டை போட்ட நெற்றியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னடா ஆச்சு?"

"பஞ்சர்ப்பா" என்றார் குருக்கள். எங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஆகாம? அப்பிரதட்சணமா சுத்தினா அவர் சும்மா விடுவாரா? நான் ஒண்ணும் சொல்லலடா. அவரே சொல்லிட்டார், சைக்கிள் வேணாம்னு." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க எதுலயும் நம்பிக்கை இல்லாதவர்னு சொல்வாங்க. இப்பவாவது ஒத்துக்கறீங்களா சார்? இது அவர் வேலைதானே?"

குருக்கள் என்னைப் பார்த்தார். அவர் வேலை இல்லை சாமி, இது என் வேலை என்று நான் சொன்னால் போதும், பெரியவர் ஒருவேளை இரங்குவார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் குருக்கள் காத்திருந்தார்.

"ஆமாங்க சாமி" என்றேன்.