யானை முதலில் நின்ற வாசல்

நேற்று கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு யானை கடந்து போயிற்று. அந்த வாடை அடித்ததும் ஆரியசாலையில் இருந்த எங்கள் மிளகாய்க் கடை நினைவுக்கு வந்து, கூடவே கோபமும் பொங்கி வந்தது.

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சாமிகள் யானைமேல் எங்கள் தெரு வழியாக வரும் நாளில், இரண்டு பக்கத்துக் கடைக்காரர்களும் வாசல் தெளித்து, குத்துவிளக்கேற்றி, மரக்காலில் நெல்லைக் குவித்து வைத்து, மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே காத்திருப்போம். யானை எப்போதும் அப்பாவின் வாசலில்தான் முதலில் நிற்கும். அந்த வருஷம் எதிர்க்கடைச் சித்தப்பாவின் வாசலில் நின்றுவிட்டது.

அதுவரை சித்தப்பாவைப் போலவே ராஜாவின் திவானைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அப்பா, கடையில் மாட்டியிருந்த அவர் படத்தை அன்றே கழற்றினார்.

"தம்பி திவான் ஆளுன்னா நான் தமிழ்க் கட்சி. தமிழ் பேசுற தெக்குத் தாலூக்கெல்லாம் மதராசோட சேரட்டும்!"

"ஒரு யானை நின்னதுக்கா இத்தனையும்?" என்றாள் அம்மா.

"நீ மிண்டாத இரி!" என்று அம்மாவின் வாயை அடைத்தார் அப்பா. "இவளும் இனி மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போவண்டாம்."

நான் நாலாங்கிளாஸ், வகுப்பில் முதல். மறுநாள் கடையில் மிளகாய்க் காம்பு கிள்ள உட்கார்ந்தேன். அப்பாவைப் பார்த்துப் பாதித் தெரு கட்சி மாறியது. எல்லாம் மொழிப்பற்று என்கிறார்கள் இப்போது. மற்ற வீடுகளில் இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் இல்லை.

சித்தப்பா மகள் செல்லம் படித்து டீச்சரானாள். அப்பாவோ எங்கள் கடை முற்றத்தில் கூட்டம் போட்டு, "நம்ம பெண்மக்களுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் வேணும்!" என்று முழங்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். அவர்களுக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தவள் நான்.