கசெற் உம்மட, பாட்டு என்ர

இன்று வெறும் கசெற் ஒன்று வாங்க, ஊர்காவற்றுறையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்குப் போனேன்.

“என்னத்துக்கு?” என்றார் கடைக்கார அண்ணை.

“போன மாதம் நீங்கள் பதிஞ்சு தந்த பாட்டுகளைச் சுருவிலில இருக்கிற மச்சானுக்குப் பிரதி எடுக்க.”

அவர் முகம் கறுத்துவிட்டது. “அது களவு தம்பி. செய்ய ஏலாது.”

“காசு குடுத்துத்தானே வாங்கினனான்?”

“கசெற் உம்மட. பாட்டு என்ர. சந்தேகமெண்டால் கேளும்!”

தான் பிறருக்குப் பதிந்து கொடுக்க வைத்திருக்கும் மூலக் கசெற்றையே போட்டுக் காட்டினார். முதற் பாட்டின் நடுவில் அவருடைய கம்பீரக் குரல் வந்தது: “இது எமது ஒலிப்பதிவு. பிரதி எடுப்பது குற்றம்.”

என்னை ஒரு வெற்றிப் பார்வை பார்த்தார். அந்தப் பெருமையில் கசெற்றை நிறுத்த மறந்துவிட்டார்.

அடுத்த சரணத்துக்கு முன், இவர் அழிக்காமல் விட்ட யாழ்ப்பாணக் கடைக்காரர் ஒருவர் கசெற்றுக்குள் வந்து அதையே சொன்னார். அவருக்குப் பின்னால், இரைச்சலுக்குள், கொழும்புக் கடைக்காரர் ஒருவரும் எச்சரித்தார்.

“அண்ணை, பாடினவர் ஒண்டும் சொல்லேல்லையோ?” என்று கேட்டேன்.

கண்ணாடி அலுமாரி நிறைய அடுக்கியிருந்தும், வெறும் கசெற் முடிந்துவிட்டதாம்.

உங்கள் வீட்டுக் கசெற்றில் எத்தனை சொந்தக்காரர்?