கரண்ட் போனால் தெரிந்த முகம்

இது நடந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல் இருக்கும். வேலூரில் அப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய கம்ப்யூட்டர் சந்தை ஒன்று கூடும். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், ஞாயிறு லீவு விட்ட ஒரு மரவாடியின் முற்றத்தில் தார்ப்பாயை விரித்திருப்பார்கள். சென்னையில் கம்பெனிகள் கழித்துக்கட்டியது, அக்கம்பக்கத்து ஊர்க் கடைகளில் ஒதுக்கியது என்று மானிட்டரும் கீ-போர்டும் வேனில் வந்து இறங்கும். காசு கொடுத்து வாங்கலாம். நம்மிடம் இருப்பதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஒரே ஒரு நீள ஒயரில் கரண்ட் இழுத்திருப்பார்கள். சொருகிப் பார்க்க வேண்டியது, எரிந்தால் தூக்கிக்கொண்டு போக வேண்டியது. அவ்வளவுதான் கேரண்டி.

இப்போது என் மகன் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில் வாங்குகிறான். "சந்தைல அலையறதுல இன்னாப்பா லாபம்? இதுல கம்மி விலைக்கு வீட்டுக்கே வருது" என்பான். விலை கம்மிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் அப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மானிட்டர்தான் கண் முன்னால் வந்து நிற்கும்.

கதைக்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படித்தது அஞ்சாம் வகுப்பு. ஆம்பூரில் ஒரு டேனரியில் ஈரத் தோல் சுமக்கிற கூலியாக ஆரம்பித்தேன். அப்புறம் தோலைத் தரம் பிரிக்கிற செலக்‌ஷன் வேலை. அதில் என்னை அடித்துக்கொள்ள அன்றைக்கு ஆள் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. ஜன்னலோரம் நின்று, வெளிச்சத்துக்குத் தோலைச் சாய்த்துப் பிடித்தால் போதும். அந்த ஆடு உயிரோடு இருந்தபோது முள் கிழித்த தழும்பு, உண்ணி கடித்த புள்ளி எல்லாம் ஒவ்வொன்றாக மேலே எழுந்து வரும். என்ன சாயம் ஏற்றினாலும், என்ன பாலிஷ் போட்டாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை வைத்துத்தான் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற யூனிட்டைச் சொந்தமாகப் போட்டேன். வெளிநாட்டுக்காரன் காலில் ஏறுகிற ஷூ என் ஷெட்டைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போனது.

ஆர்டர் கூடியதும் ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள் கணக்குப் பார்க்கிற பெண். பி.காம். படித்தவள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், வீண் பேச்சு பேச மாட்டாள். ஷோரூமில் விலை கேட்டேன், சிரிப்பு வந்தது. நேராக வேலூர் சந்தைக்குப் போய், ஒரு பாயிடம் பேரம் பேசி, பின்பக்கம் புடைத்த பழைய டப்பா மானிட்டரும் மற்றதும் சல்லிசாக வாங்கி வந்தேன். சொருகிப் பார்த்தபோது படம் பளிச்சென்று இருந்தது. ஆம்பூர் முழுக்க என்னைவிட மலிவாகக் கம்ப்யூட்டர் வாங்கியவன் இல்லை என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

சில நாள் கழித்து அந்தப் பெண் மானிட்டர் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருந்தாள்.

"இன்னாம்மா, தூசியா?" என்றேன்.

"இல்ல சார்." கொஞ்சம் தயங்கினாள். "கரண்ட் போச்சுன்னா அதுல யாரோ தெரியறாங்க சார்."

"உன் மூஞ்சிதான் தெரியும். கண்ணாடியாச்சே."

"நான் எழுந்து போய்ட்டு வாசல்லேருந்து பாத்தேன் சார். அப்பவும் அங்கியேதான் இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பேச்சு ஷெட்டுக்குள் பரவிவிட்டது. தைக்கிற பெண்கள் ஆபீஸ் ரூம் பக்கம் போகவே பயந்தார்கள். பார்த்தவர்கள் சொன்னது எல்லாம் ஒரே மாதிரி இருந்தது: சின்ன முகம், வட்டமாக, தலைக்கு மேலே ஒற்றைக் கொம்பு. அவர்களில் மூத்த ஒரு அம்மா, வாய் ஜாஸ்தி, என் காதுபடவே சொன்னாள்: "நம்ம மொதலாளிக்கு சல்லிசா கெடச்சா போதும், பேயக்கூட ஆட்டோல ஏத்திக்கினு வந்துடுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் அந்த அம்மாவே ஆபீஸ் வாசல் நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டாள். சாயங்காலம் கூடுதல் நேரம் நின்று தைக்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. கையில் அவசர ஆர்டர். எனக்குப் பேஜாராகிவிட்டது.

இவர்கள் பயத்தை நானே தெளிய வைக்கிறேன் என்று ஒரு நாள் சாயங்காலம் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். மேற்குப் பக்க ஜன்னல் திறந்திருந்தது. எதிர்பார்த்தபடியே கரண்ட் போனது. ஷெட்டில் அத்தனை தையல் மெஷினும் ஒரே மூச்சில் நின்றன. அந்தச் சத்தத்திலேயே நாள் முழுக்க இருப்பவர்களுக்குத்தான் தெரியும், அது நின்றால் காது எப்படி அடைக்கும் என்று. எதிரில் மானிட்டர் கறுப்பாக இருந்தது. ஒன்றும் இல்லை. எழுந்திருக்கப் போனேன். பழக்க தோஷம், தோலைப் பார்ப்பது போல் தலையை ஒரு பக்கம் சாய்த்தேன்.

தழும்பு எழுந்து வருவதுபோல் அது எழுந்து வந்தது. முதலில் இரண்டு கண். அப்புறம் கன்னம். கொஞ்சம் திறந்த வாய். தலைக்கு மேலே கூராக அந்தக் கொம்பு. கறுப்புக்குள் இன்னும் கறுப்பாக ஒரு குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் நகர்ந்தேன், அது நகரவில்லை. வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தேன். ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அது மேலே இல்லை, உள்ளே இருந்தது.

செத்த ஆட்டின் தோலை ஆயிரக்கணக்கில் புரட்டிய கை இது. அன்றைக்கு அந்தக் கை துணியை எடுத்து மானிட்டரை மூடியது. வெளியே வந்து, "ஒண்ணும் இல்ல, போய் வேலையப் பாருங்க" என்று அதட்டினேன். என் குரலை வைத்தே அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு அந்த மானிட்டரைக் கட்டித் தூக்கிக்கொண்டு வேலூருக்குப் போனேன். எப்படியாவது வேறொன்றுக்கு மாற்றிவிட வேண்டும் என்று திட்டம். அந்தப் பாய் என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நைனா, ரிட்டன் கெடையாது."

"ரிட்டன் வேணாம் பாய். மாத்திக் குடு."

அவர் சொருகிப் பார்த்தார். படம் முன்போலவே பளிச்சென்று வந்தது. "இன்னா கொறை இதுல? ஜம்முனு கீது."

அவர் காதோடு சொன்னேன். அணைத்துவிட்டுச் சாய்த்துப் பார் என்றேன். பாய் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இதத்தான் தேடறான் போலருக்குது, அந்த ஆளு."

"எந்த ஆளு?"

"வாராவாரம் ஒர்த்தன் வர்றான் நைனா. எந்த டப்பாவையும் ஆன் பண்ண உட மாட்டான். அணைஞ்சு கெடக்கறதத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாப்பான். ஒண்ணும் வாங்க மாட்டான். கேட்டா பதில் சொல்ல மாட்டான். பைத்தியம்னு நாங்க யாரும் பேச்சு குடுக்கறதில்ல." முற்றத்தின் கோடிக்குக் கையைக் காட்டினார். "தா, அங்க பாரு."

பார்த்தேன். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை. பழைய பெட்ஷீட்டில் எதையோ கட்டித் தோளில் சுமந்திருந்தான். வரிசையாக வைத்திருந்த மானிட்டர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக நின்று, குனிந்து, கையால் வெயிலை மறைத்து, தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தான். அப்புறம் அடுத்தது. சுற்றிலும் ஜனம் எரிகிற திரையைப் பார்த்துப் பேரம் பேசிக்கொண்டிருக்க, இவன் மட்டும் எரியாத கண்ணாடிக்குள் யாரையோ தேடிக்கொண்டு வந்தான். பட்டப்பகல். ஆனாலும் பாயின் பக்கம் நெருங்கி நின்றேன். நான் தோலைப் பார்க்கிற அதே சாய்வில் அவன் தலை இருந்தது.

எங்கள் முன்னால் வந்தான். குனிந்தான்.

நிமிரவே இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். விரலால் கண்ணாடியைத் தொட்டு, அந்தக் கன்னம் இருந்த இடத்தில் சரியாக வைத்தான்.

"ஐயா, இது உங்களுதா?" என்றான். நான் தலையாட்டினேன். உடனே தோளிலிருந்த மூட்டையை இறக்கி அவிழ்த்தான். உள்ளே ஒரு மானிட்டர். என்னுடையதைவிடப் பெரிசு, புதுசு, கீறல் கிடையாது. "இத எடுத்துக்குங்க. அத எனக்குக் குடுத்துடுங்க."

என் புத்தி எப்படிப் போனது தெரியுமா? இதில் என்னமோ சூது இருக்கிறது என்று போனது. தோல் வியாபாரத்தில் தழும்பைக் கண்டவன் விலையைக் குறைப்பான். தழும்பைக் கண்ட பிறகு நல்ல சரக்கைத் தூக்கி என் காலடியில் வைத்தவனை நான் பார்த்ததே இல்லை.

"அதுல ஒரு மூஞ்சி கீதுப்பா. கொம்பு மொளைச்ச மூஞ்சி. தெரிஞ்சுதான் கேக்கறியா?" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "கொம்பு இல்லீங்க ஐயா. பர்த்டே தொப்பி."

பாய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். நானும்.

அவன் கதையைச் சொன்னான். அரக்கோணத்தில் அவனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்னக் கடை. ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. முதல் பிறந்த நாளுக்குக் கடைக்கு வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் தன் டிஜிட்டல் கேமராவில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு நல்ல படம் கிடையாது. கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைத் திரையில் வைத்துவிட்டு, மாதக்கணக்கில், கடையைப் பூட்டினாலும் மானிட்டரை அவன் அணைக்கவில்லை. ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனது. படம் போய்விட்டது. அணைந்த திரையைப் பார்த்து அழுதபோதுதான் கவனித்திருக்கிறான். ஒரே படம் அத்தனை காலம் எரிந்ததில், அதன் நிழல் கண்ணாடிக்குள்ளேயே சுட்டு நின்றுவிட்டது.

"ஊருக்கெல்லாம் பிரிண்ட் போட்டுக் குடுக்கறவன் ஐயா நான்," என்றான். "நம்ம கடைதானே, நாளைக்குப் போட்டுக்கலாம்னு உட்டுட்டேன்."

அணைந்த டப்பா முன்னால் இவன் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மச்சான் பயந்துவிட்டான். இவனுக்கு நல்லது செய்வதாக நினைத்து, இவன் இல்லாத நேரத்தில் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டான். அந்தச் சரக்கெல்லாம் இந்தச் சந்தைக்குத்தான் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாற்றுப் பொருளைச் சுமந்துகொண்டு ரயிலேறி வந்திருக்கிறான். முதல் வாரம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டானாம். யாரோ சிரித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. உடைத்துச் செம்பு எடுக்கிறவன் கைக்குப் போவதற்குள் கிடைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்கு.

"சும்மா எடுத்துக்கினு போப்பா. எனக்கு உன் மானிட்டர் வேணாம்," என்றேன்.

ஒத்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க ஐயா. மாத்திக்கினாத்தான் எனக்கு மனசு ஆறும். சும்மா வந்தது சும்மா போய்டும்."

என் பையிலிருந்து கரண்ட் ஒயரை எடுத்து நீட்டினேன்.

"ஒயர் வேணாங்க," என்றான். "இத நான் ஏத்தப் போறதில்ல."

பெட்ஷீட்டால் சுற்றினான். கண்ணாடிப் பக்கத்தைத் தன் நெஞ்சோடு சேர்த்து, தோளில் சாய்த்துக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைக் கூட்டத்தில் எடுத்துப் போவதுபோல ஒரு கையால் பின்னால் அணை கொடுத்தபடி நடந்தான். பாய் ஓடிப்போய் ஜனத்தை விலக்கி வழி விட்டார்.

அவன் கொடுத்த மானிட்டரைத் திங்கட்கிழமை காலையில் ஆபீசில் வைத்தேன். அன்று சாயங்காலமும் கரண்ட் போனது. தைக்கிற பெண்கள் எல்லாரும் தானாகவே அந்தப் பக்கம் திரும்பினார்கள். கறுப்புக் கண்ணாடி. ஒன்றும் இல்லை.

"ஒரு மாதிரி வெறிச்சுனு இருக்குது சார்," என்றாள் கணக்குப் பார்க்கிற பெண்.

நடந்ததைச் சொன்னேன். எலுமிச்சம்பழம் கட்டிய அம்மா எழுந்து போய், நிலையிலிருந்து அதை அறுத்து எடுத்தாள். "ஒரு கொழந்தைக்குப் போய் இதக் கட்டினேனே, பாவி" என்று சொல்லிக்கொண்டே வெளியே எறிந்துவிட்டு வந்தாள்.

இப்போது அந்தச் சந்தை கூடுவதில்லை. போன மாதம் மகன் இன்டர்நெட்டில் வரவழைத்த தட்டை மானிட்டர் வந்தது. பெட்டிக்கு மேல் பெட்டி, பிளாஸ்டிக்குக்கு மேல் பிளாஸ்டிக். ஒரு மனுஷன் கை பட்ட அடையாளம் இல்லை. சொருகுவதற்கு முன்னால் அதை வாங்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன்.

"கீறல் இருக்குதாப்பா?" என்றான்.

இல்லை என்றேன். என் முகம் மட்டும்தான் இருந்தது.

எது லாபம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஆனால் யார் கைமாறி வந்த பொருளானாலும், எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அணைந்தபடியே ஒருதரம் சாய்த்துப் பார்த்துவிடுகிறேன், எங்கேயோ ஒருத்தர் அதைத் தேடிக் குனிந்து குனிந்து வந்துகொண்டிருக்கலாம் என்று.