கழற்றாமல் விட்ட தகடு

அந்தக் காலில் நான் வைத்த தகட்டில் சீழ் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தே, தையல் போட்ட இடத்தில் சின்னப் புண், அவ்வளவுதான் என்று சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தேன்.

நான் ராயபுரத்தில் எலும்பு மருத்துவனாக இருந்தேன். அவர் காசிமேட்டு விசைப்படகில் வலை இழுப்பவர். வலையைச் சுருட்டி இழுக்கும் வின்ச் கம்பி காலைச் சுற்றி, கணைக்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த நிலையில் தூக்கி வந்தார்கள். தகடு வைத்துத் திருகினேன். எக்ஸ்ரே அழகாக வந்திருந்தது. மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு என் வாயை அடைத்தது அந்தப் பெருமைதான்.

சில மாதம் கழித்துக் கடுகளவு துளையோடு வந்தார். அமுக்கினால் சீழ் கசிந்தது. அது மீன்பிடித் தடைக்காலம். படகுகளெல்லாம் கரையில் கிடந்தன; அவருக்கும் படுத்துக்கிடக்க அவகாசம் இருந்தது. அப்போதே திறந்து, தகட்டை எடுத்து, செத்த எலும்பைச் சுரண்டியிருக்க வேண்டும். தடை முடிந்ததும் கடலுக்குப் போகலாமா என்று கேட்டார். போகலாம் என்றேன்.

போனார். அடுத்த தடைக்காலம் வருவதற்குள் தகடே முறிந்துவிட்டது. எலும்பு சேரவே இல்லை. அவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். மீன் விற்கும் அவர் மனைவிதான் பேசினார்.

“சும்மா கெடந்த நாள்லயே சொல்லியிருந்தா பாத்துகினு இருப்போமே சார். தொயில் நாள்ல வந்து சொல்றியே.”

செத்த எலும்பை வெட்டி எடுத்தேன். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், எலும்பின் குறுக்கே கம்பிகள். வளையத்தில் உள்ள திருகைத் தினமும் கொஞ்சம் திருப்பினால் எலும்பு மெல்ல வளர்ந்து இடைவெளியை நிரப்பும். நான் ஓய்வு பெற்ற பிறகும் அவர் வீட்டுக்கே போய், கம்பி நுழையும் இடங்களைத் துடைத்துவிட்டு வந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இன்னா மாமு, கால்ல டவர் வெச்சிகினு கீற, சிக்னல் வருதா?” அவரும் சிரித்தார். போகப் போக அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று.

கம்பி ஓட்டைகளில் மறுபடி சீழ். எலும்பின் இரண்டு முனைகளும் தொட்டன, ஒட்டவில்லை. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துப் பார்க்கலாம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினேன்.

“வோணாம் டாக்டரே. உனக்காவதான் இம்மா நாள் வெச்சிகினு இருந்தேன். எட்த்துடு.”

வேறொரு மருத்துவர்தான் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார். அந்தப் புண் சீக்கிரமே ஆறிவிட்டது. செயற்கைக்கால் மாட்டிக்கொண்டு படகில் ஏறப் போயிருக்கிறார். ஈரத்தில் நிற்க முடியாது என்று படகு டிரைவர் இறக்கிவிட்டாராம். இப்போது துறைமுகத்தில் உட்கார்ந்து கிழிந்த வலை தைக்கிறார். நான் போனால், வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கையை ஊன்றி எழுந்து நிற்கிறார்.