விளக்கு போடும் வரை

தென்னரசு லிப்ட் மெக்கானிக். முள்ளிப்பட்டில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும் களை பறித்தும் பிழைத்த வீட்டில், மாதச் சம்பளம் என்று ஒன்றை முதலில் வாங்கியவன் அவன்தான். ஐடிஐ முடித்த கையோடு சென்னைக்குப் போய் ஒரு சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்தான். வேலை பிடித்திருந்தது. ஆனால் எந்தக் கட்டடத்தில் எப்போது லிப்ட் நின்றுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சோற்றில் கை வைத்த நேரத்தில் போன் வரும். உள்ளே யாரோ மாட்டிக்கொண்டிருப்பார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓட வேண்டும்.

அதனால் கல்யாணமான புதிதிலேயே அவனும் சுபத்ராவும் எதையும் முன்கூட்டித் திட்டம் போடுவதை விட்டுவிட்டார்கள். போட்டால் நடக்காது. கோயிலுக்குப் போகலாம் என்று புடவை மாற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் வீணாய்ப் போனது. மாறாக, சும்மா இருக்கிற ஒரு சாயங்காலத்தில் அவனுக்குத் திடீரென்று தோன்றும். "கெளம்பு சுபா, ஜல்தி. படத்துக்குப் போலாம்." என்ன படம் என்று அவள் கேட்கமாட்டாள். எந்தத் தியேட்டரில் டிக்கெட் கிடைக்கிறதோ அந்தப் படம்.

சுபத்ரா ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்ப் பெண். பன்னிரண்டாவது வரை படித்தவள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஒருத்திதான்; அவள் பேர் சின்னம்மா. பெண் பார்க்கப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், பொழுது சாய்வதற்குள் புறப்பட்டால் பஸ் சுலபமாகக் கிடைக்கும் என்று சின்னம்மா இரண்டு தடவை சொன்னாள். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கொளத்தூரில் மாடியில் ஒரு போர்ஷன் எடுத்தான். ஒரு அறை, சமையலறை, நடுவில் ஒடுக்கமான நடை. வந்த இரண்டாவது வாரமே, சுபத்ரா இட்லிக்கு அரைத்த மாவுப் பாத்திரத்தை நடையில் வைத்துவிட்டு, விளக்கு போடாத அந்திப் பொழுதில் அதே பாத்திரத்துக்குள் காலை வைத்தாள். மாவு கதவு வரை ஓடியது. அவன் உள்ளே வந்தபோது, முழங்கால் வரை வெள்ளையாக, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "விடு, கால கழுவிகினு வா. வெளில சாப்ட்டுட்டு அப்பிடியே படம் பாத்துட்டு வந்துடலாம்" என்றான். அதுதான் அவர்கள் சேர்ந்து பார்த்த முதல் படம்.

அதற்குப் பிறகு அது வீட்டு வழக்கமாகிவிட்டது. சுபத்ராவிடம் எதுவும் கொட்டாமல், உடையாமல் ஒரு வாரம் போகாது. வில்லிவாக்கம் ஸ்டேஷனில் ஒரு சாயங்காலம், அவனைப் போலவே நீலச் சட்டை போட்ட யாரோ ஒருவருக்குப் பின்னால் படியிறங்கித் தெருமுனை வரை போய்விட்டாள். அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா வேணும்?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொரு நாள், மளிகைக் கடைக்காரர் பக்கவாட்டில் நீட்டிய சில்லறையை வாங்காமலே நடந்துவிட்டாள். மேல்வீட்டுப் பொம்பளைக்குத் திமிர் அதிகம் என்று அந்தத் தெருவில் பேச்சு. நிறுத்தி வைத்த பைக்குகளில் இடித்து அவளுடைய இரண்டு முழந்தாளிலும் எப்போதும் கன்றிப்போன தடம் இருக்கும். தென்னரசு இதையெல்லாம் கம்பெனியில் சொல்லிச் சிரிப்பான். அவனோடு வேலை செய்த ஹேமநாத் என்பவன், நேற்று உன் வீட்டில் என்ன உடைந்தது என்றுதான் தினமும் பேச்சையே ஆரம்பிப்பான்.

இந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றுமில்லை. அவளைத் திட்டியதே கிடையாது. தட்டு உடைந்தால் படம், குழம்பு கொட்டினால் படம். ஊரில் புருஷன்கள் இதற்கெல்லாம் கை நீட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் அவன். தான் அப்படியில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இன்னொரு பெருமையும் இருந்தது. அவசரமாகக் கிளம்புவதால் தியேட்டருக்கு எப்போதும் தாமதமாகத்தான் போவார்கள். படம் ஓடத் தொடங்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் சுபத்ரா அவன் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். சீட்டில் உட்காரும் வரை விடமாட்டாள். அவன் அதை ஆசை என்று நினைத்தான். நாலு பேர் பார்க்கிற வெளிச்சத்தில் தொடாதவள் இருட்டில் உரிமையாகப் பிடிக்கிறாள் என்று நினைத்தான். ஏழு வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தான்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. வடபழனிப் பக்கம் வேலை சீக்கிரம் முடிந்தது. போன் பண்ணி அவளை மெட்ரோவில் வரச் சொல்லி, மத்தியான ஆட்டத்துக்கு அழைத்துப் போனான். இடைவேளையில் அவள் பாத்ரூம் போய்விட்டு வருவதாகச் சொல்லி எழுந்தாள். கைப்பையும் போனும் சீட்டிலேயே இருந்தன. இவன் இரண்டு பாப்கார்ன் வாங்கி வந்து உட்கார்ந்தான். விளக்கு அணைந்தது. படம் ஓடியது. அவள் வரவில்லை.

கூட்டமாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு எழுந்து வெளியே போனான். பெண்கள் பாத்ரூம் வாசலில் யாருமில்லை. கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான். உள்ளே ஆளே இல்லை என்றாள். தின்பண்டக் கடை, படிக்கட்டு, வாசல் எல்லாம் பார்த்தான். திரும்பி வந்து ஹாலின் கதவைத் தள்ளினான். திரையில் ஏதோ வெளிச்சமான காட்சி வந்தது. அப்போது பார்த்தான். கதவுக்குப் பக்கத்திலேயே, சுவரோடு முதுகை ஒட்டி, இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளைத் தாண்டிப் போன ஒருவர், வழியை விட்டு நிற்கும்படி சலித்துக்கொண்டு போனார். அவள் நகரவில்லை. தென்னரசு நேர் எதிரே போய் நின்றான். இரண்டடி தூரம். அவள் கண் அவன் மேல்தான் இருந்தது. ஆனால் அவனைப் பார்க்கவில்லை.

"சுபா" என்றான்.

அவள் முகத்தைத் திருப்பித் தேடினாள். "வந்துட்டீங்களா" என்றாள். பிறகு, "வெளக்கு போடுவாங்கன்னு பாத்துகினு நின்னேன்" என்றாள்.

அரைமணிக்கு மேல் அப்படியே நின்றிருக்கிறாள். கூப்பிட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கூப்பிடாமல் நின்றிருக்கிறாள்.

வெளியே கூட்டி வந்து தியேட்டர் படியில் உட்காரவைத்தான். வெயில் நன்றாக அடித்தது. அந்த வெயிலில் அவள் சாதாரணமாகத்தான் இருந்தாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த பாப்கார்ன் துணுக்கைக்கூட எடுத்துப்போட்டாள். பிறகு சொன்னாள். சின்ன வயசிலிருந்தே மாலைக்கண். பொழுது போனால் தெரியாது. அம்மா முருங்கைக்கீரையும் பொன்னாங்கண்ணியும் ஆக்கிப் போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். முன்பெல்லாம் ராத்திரியில் மட்டும்தான். இப்போது பகலிலும் பக்கவாட்டில் இருப்பது தெரிவதில்லை.

திங்கட்கிழமை பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கிண்ணம் மாதிரி ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தென்னரசு பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் புள்ளிகள் தெரியவில்லை. பொத்தானின் சத்தம் மட்டும் கேட்டது. நீண்ட நேரத்துக்கு ஒருமுறைதான் கேட்டது.

டாக்டரம்மா அந்தத் தாளை மேஜையில் விரித்தார். சுற்றிலும் கறுப்பு. நடுவில் சின்னதாக ஒரு வெள்ளை வட்டம். ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரிதான் இவங்க பார்க்கிறாங்க, அந்தக் குழாய் வருஷா வருஷம் ஒடுங்கும் என்றார். அம்மா அப்பா சொந்தத்தில் கல்யாணம் பண்ணினவர்களா என்று கேட்டார். ஆமாம், அம்மாவின் தாய்மாமன்தான் அப்பா என்றாள் சுபத்ரா. கீரையால் தீருகிற மாலைக்கண் இது இல்லை, போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்தும் இல்லை என்றார். பிறகு தென்னரசுவைப் பார்த்து, வீட்டில் இடித்துக்கொள்வது, தட்டிவிடுவது, இதெல்லாம் கவனித்தீர்களா என்றார்.



அந்த வாரமே தனியாகப் பஸ் ஏறிச் சேவூருக்குப் போனான். வழி முழுக்கக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது. சின்னம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அவன் உட்காராமலே கேட்டான்.

"உங்களுக்குத் தெரியும் இல்ல அத்தை?"

அவள் ஈரத் துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "ராவுலதான் தெரியாதுன்னு நெனச்சேன் மாப்ள. பகல்ல நல்லாத்தான இருந்தா. கண்ணு போவும்னு எனக்கு யார் சொன்னாங்க? பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணுக்கு இத மாதிரிதான். வெளிய சொல்லிட்டாங்க. இன்னிக்கும் அது அம்மா ஊட்லதான் கீது." துணியைக் கொடியில் போட்டாள். "சொல்லியிருந்தா நீங்க கட்டிகினு இருப்பீங்களா?"

கட்டியிருக்க மாட்டான். அது அவனுக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினான்.

சுபத்ரா காத்துக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. "அவங்கள போய்க் கேட்டீங்க. என்ன ஏன் கேக்கல?" என்றாள்.

அவன் கேட்டான். ஏழு வருஷமாக ஏன் சொல்லவில்லை என்று.

"மாவு கொட்டின அன்னிக்கே சொல்லிடலாம்னு இருந்தேன். அம்மா கிட்ட பண்ண சத்தியம் போனா போவுதுன்னு வாயத் தொறந்தேன். நீங்க சிரிச்சீங்க. கெளம்புன்னீங்க. நானும் கெளம்பிட்டேன்." அவள் அழவில்லை. "அப்புறம் ஒவ்வொரு தபாவும் அப்பிடியே ஆயிடுச்சு. திட்டியிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

அன்றைக்கு இருவரும் சாப்பிடாமலே படுத்தார்கள்.

சென்னையில் அதற்கப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தார்கள். தெருவில் அவளால் தனியாக நடக்க முடியவில்லை. அவன் வேலைக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஊருக்கே போய்விடலாம், சேவூரில் என்றால் எந்த வீட்டுக்கு எத்தனை படி என்று காலுக்கே தெரியும் என்று அவள்தான் சொன்னாள். ஆரணியிலும் வேலூரிலும் இப்போது ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம் என்று எங்கும் லிப்ட் இருக்கிறது. கம்பெனியில் அந்தப் பக்கத்து சர்வீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டான். சின்னம்மா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வாடகைக்கு வந்தார்கள்.

வந்த புதிதில் ஒரு நாள், வேலை சீக்கிரம் முடிந்தது என்று பழைய பழக்கத்தில் அவளை ஆரணியில் ஒரு படத்துக்குக் கூட்டிப்போனான். இந்த முறை விளக்கு எரியும்போதே போய் உட்கார்ந்தார்கள். இடைவேளை வரை அவள் பொறுத்துப் பார்த்தாள். பேசுகிற ஆளின் முகத்தைப் பிடித்தால் கேட்கிற ஆள் காணாமல் போகிறான், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தேடுவதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது, தலை வலிக்கிறது என்றாள். எழுந்து வந்துவிட்டார்கள். நீங்க மட்டும் போய்ப் பாருங்க என்று பிறகு அவள் எத்தனையோ தடவை சொன்னாள். அவன் போகவில்லை.

இப்போது வீட்டில் எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. உப்பு இடப்பக்கம், புளி அதற்கு அடுத்து. தண்ணீர்க் குடம் ஒரு விரல்கடைகூட நகரக் கூடாது. அவள் கையால் தடவி, காலால் பார்த்து, நிதானமாக வேலை செய்கிறாள். எதுவும் கொட்டுவதில்லை. எதுவும் உடைவதில்லை. மாதக்கணக்கில் ஒரு டம்ளர்கூடக் கீழே விழுவதில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அந்த ஒழுங்கைப் பார்த்தால் தென்னரசுவுக்கு ஒரு தட்டாவது விழக் கூடாதா என்று இருக்கும்.

ஒரு தடவை விழுந்தது. ஆனால் அது அவன் செய்த பிழை. மழையில் நனைந்து வந்தவன் ஸ்பானர் பையை நடுவழியில் வைத்துவிட்டுத் துணி மாற்றப் போனான். அவனுக்குத் துண்டு எடுத்து வந்தவள் அதில் தடுக்கி விழுந்தாள். புருவத்துக்கு மேல் கிழிந்தது. மூன்று தையல். அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "நான்தான் பாத்து வந்திருக்கணும்" என்றாள். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவன் முதல் தடவையாக அவள் எதிரில் அழுதான். அவள் கையை நீட்டி அவன் முகம் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

வருஷத்துக்கு ஒருமுறை சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். விடியற்காலைப் பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடுவார்கள். இந்த வைகாசியிலும் போனார்கள். அதே கிண்ணம், அதே பொத்தான். டாக்டரம்மா தாளைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சுபத்ரா கேட்டாள்.

"எவ்ளோ கீது?"

"கொஞ்சம் கம்மிதான் ஆயிருக்குது."

"கொஞ்சம்னா?"

அவன் போன வருஷத் தாளையும் இந்த வருஷத் தாளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தான். போன வருஷம் எட்டணாக் காசு அளவு இருந்த வெள்ளை, இப்போது சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்திருந்தது. அதை அப்படியே சொன்னான். அவளிடம் எதையும் குறைத்துச் சொல்வதில்லை என்று வைத்திருந்தான்.

அவள் தலையாட்டினாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஆரணி வண்டி வருதான்னு பாருங்க என்றாள். அவன் எழுந்து போய்ப் பார்த்தான். இன்னும் வரவில்லை.