ஆட்டோவில் பறிபோன ஐஸ்கிரீம்

டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு என் மகள் ஜெனி வாயே திறக்கவில்லை. பேசலாம் என்று டாக்டர் சொல்லியும் பயம். கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

இன்று செக்கப் முடிந்து ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினோம். அவள் கையில் கப் ஐஸ்கிரீம்.

பக்கத்து சீட் அக்கா முறைத்தார். "இன்னாம்மா, புள்ள மூஞ்சி வாடிக்கீது, ஐஸ்கிரீம் குடுக்குற?"

"தொண்டையில ஆபரேஷன்க்கா. டாக்டர்தான் குடுக்கச் சொன்னாரு."

"தொண்ட ஆபரேஷனுக்கு ஐஸ்கிரீமா? எந்த ஊரு டாக்டர்மா அவுரு?"

சொல்லிக்கொண்டே கப்பைப் பிடுங்கிவிட்டார்.

"அது என்னுது! குடு!"

கத்தியது ஜெனி. நான் ஓவென்று அழுதேன். அக்கா மிரண்டுபோய்க் கப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணனூரில் இறங்கிவிட்டார்.

அவரைத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஜெனி மருந்து குடிக்க மாட்டேன் என்கிறாள். அதையும் ஒருமுறை பிடுங்கிவிட்டுப் போனால் தேவலை.