இரண்டு முறை வாங்கிய ஆசீர்வாதம்

மெல்பேர்ன் புறநகர் ரோவிலில் ரஞ்சன் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சுரைக்குடுவை வந்து உட்கார்ந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக மணிகள். ரஞ்சனும் அவன் மனைவி மாலினியும் போன மாதம் கென்யாவுக்குச் சுற்றுலா போய் வந்தார்கள். அந்தப் படங்களைக் காட்டத்தான் சனிக்கிழமை மத்தியானம் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“மணந்து பாருங்கோ அண்ணை. ஒரிஜினல். அவையள் பால் வைக்கிறது” என்று மாலினி குடுவையை என் மூக்கடியில் நீட்டினாள்.

மணந்தேன். வார்னிஷ்தான் மணத்தது. பால் வைத்த குடுவை எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியும். கொள்ளிக்கட்டையை உள்ளே விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். பிறகு அதில் ஊற்றும் பாலுக்குப் புகையும் புளிப்பும் சேர்ந்த ஒரு வாசம் வரும். ஒரு முறை மூக்கில் ஏறினால் இறங்காது.

படங்கள் ஓடின. சிங்கம், பிறகு சிங்கத்தின் பின்பக்கம், பிறகு நீச்சல் குளத்தில் மாலினி. ஒரு படத்தில் சம்புரு இனத்து இளைஞர்கள் வரிசையாக நின்று துள்ள, நடுவில் ரஞ்சனும் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு துள்ளினான். அவனுக்கு முன்னால் அவன் தொப்பை வண்டி துள்ளியது. “பாவங்கள் அதுகள். ஆனா என்ன உயரம் பாயுதுகள் தெரியுமோ!” என்றான். ஆட்டுப்பட்டியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னான். நான் கடித்த மட்டன் ரோலைத் திரும்பத் தட்டில் வைத்தேன். சீ என்று வந்தது. உங்களிடம் மறைப்பானேன், அந்தச் சீயில் பாதிதான் ரஞ்சனுக்கு.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் அந்த வறண்ட நிலத்தில் ஆறு வாரம் இருந்தவன். படிக்க வந்த பையன் மெல்பேர்னில் முதல் வேலை கிடைத்து நிமிர்ந்து நடந்த காலம். தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தொழில். ஒரு பெட்டி நிறையச் சோதனைக் குழாய்களோடும், இன்னொரு பெட்டி நிறைய எனக்கான பிஸ்கட்டோடும் போய் இறங்கினேன். முள்மரங்கள், சிவப்புப் புழுதி, மாடுகளோடு போட்டி போட்டு மேயும் வரிக்குதிரைகள். ஆறு என்று காட்டிய இடத்தில் மணல்தான் இருந்தது. அந்த மணலில் ஆள் உயரத்துக்குக் கிணறு தோண்டி, கீழே ஒருவன், மேலே ஒருவன் நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கைமாற்றி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். அந்தப் பாட்டுக்குரலைக் கேட்டு மாடுகளே முன்னுக்கு வரும்.

லெமயான் என்றொரு சம்புருக்காரன் என் ஜீப்பையும் ஓட்டினான், மொழியும் பெயர்த்தான். என் வயதுதான். நல்ல ஆங்கிலம், வாய் நிறையப் பகிடி. முதல் நாளே தன் வீட்டில் பால் குடிக்கத் தந்தான். எங்கள் மன்னார் வீட்டில் செம்பில் வாய் வைத்துக் குடித்தால் அம்மாவின் அகப்பை பேசும். அந்தப் பழக்கத்தில் நான் குடுவையை அண்ணாந்து பிடித்து ஊற்றினேன். பாதி மூக்குக்குள், மீதி சட்டையில். சுற்றி நின்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “உங்கள் ஊரில் மூக்காலா குடிப்பீர்கள்?” என்று லெமயான் கேட்டான். எச்சில் என்றால் என்ன என்று அவனுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். அவன் தலையாட்டினான், விளங்கியது மாதிரித் தெரியவில்லை.

அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். இரத்தம் போகிறது, படுக்கையை விட்டு எழும்பக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முகாமில் இருந்த போனில் அவள் அழுவாள். “நீங்கள் வாங்கோ” என்பாள். “இன்னும் ரெண்டு கிழமைதானே, வந்திடுவன்” என்பேன். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த லெமயான் ஒரு நாள் கேட்காமலே ஜீப்பைத் தன் தகப்பனின் வீட்டுப் பக்கம் திருப்பினான். பிள்ளைக்காக அவர் ஆசீர்வாதம் தருவார் என்றான்.

கிழவர் குள்ளக் கதிரை ஒன்றில் முள்மர நிழலில் இருந்தார். அயலார் நாலைந்து பேர் கூடினார்கள். அவர் ஏதோ சொல்லச் சொல்ல, மற்றவர்கள் ஒவ்வொரு வரிக்கும் கடவுளின் பெயரை முணுமுணுத்தார்கள். எங்கள் கோயில் மன்றாட்டு மாதிரியே இருந்தது. நான் பக்தியோடு தலை குனிந்தேன். அவர் தன் இரண்டு உள்ளங்கையிலும் துப்பி, என் கைகளைப் பிடித்து அழுத்தித் தேய்த்தார்.

கைகளை இழுத்துக்கொண்டேன். குடிசை வாசலில் மஞ்சள் கேன் ஒன்று இருந்தது. யோசிக்கவேயில்லை. கேனைச் சரித்து, பையில் இருந்த சோப்பை எடுத்து, முழங்கை வரை கழுவினேன். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முந்தின நாள்தான் என் கையாலேயே படிவத்தில் எழுதியிருந்தேன்: பெண்கள் சுமந்து, இரண்டரை மணி நேர நடை. இன்னொன்றும் சொல்லவேண்டும். இயேசு துப்பிச் சேறாக்கிக் குருடனின் கண்ணில் பூசியதைத் தவக்காலத்தில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். கேட்டதெல்லாம் காதோடு சரி.

கிழவர் லெமயானிடம் ஏதோ கேட்டார்.

“உன் கையில் ஏதும் அழுக்கு இருந்ததா என்று கேட்கிறார்” என்றான் லெமயான். “முதலே சொல்லியிருந்தால் கழுவும் வரைக்கும் பொறுத்திருப்பாராம்.”

மனிதர் எனக்குத் தப்பிக்க வழி வைத்துத் தந்தார். நான் அதற்குள் பெருச்சாளி மாதிரிப் புகுந்தேன். “ஓம், சோதனை மருந்து பட்டிருந்தது. நஞ்சு” என்றேன். லெமயான் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி அந்தப் பொய்யை மொழிபெயர்த்தான். கிழவரின் முகம் மலர்ந்தது. என்னைக் கிட்ட வரச் சொல்லி, முதலில் இருந்து முழுவதையும் திரும்பவும் சொன்னார். மற்றவர்களும் சலிக்காமல் முணுமுணுத்தார்கள். திரும்பவும் துப்பித் தேய்த்தார்.

அந்த முறை கழுவவில்லை. அவ்வளவுக்கு மனுஷத்தன்மை இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜீப் வளைவு தாண்டியதும் துவாயை எடுத்து விரல் விரலாகத் துடைத்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் லெமயானின் கண்கள் இருந்தன.

அதன் பிறகு வேலைப் பேச்சு மட்டும்தான். பகிடி நின்றுவிட்டது. நான் விமானம் ஏறும் நாளில் மட்டும் சொன்னான்: “பிள்ளை பிறந்ததும் அறிவி. எனக்கில்லை. அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார்.”

மகள் எட்டாம் மாதத்திலேயே பிறந்தாள். ஒரு குறையும் இல்லை. இப்போது நேர்ஸாக வேலை பார்க்கிறாள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். நான் லெமயானுக்கு எழுதவில்லை. முதலில் நேரமில்லை என்றிருந்தேன், பிறகு முகவரி தொலைந்தது என்றேன். முகவரி இன்றைக்கும் என் பழைய டயரியில் இருக்கிறது. நல்ல செய்தியைச் சொல்லக்கூட வெட்கப்பட்டவன் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். மனைவிக்கு ஆசீர்வாதம் நடந்ததே தெரியாது.

ரஞ்சனின் அடுத்த படத்தில் விடுதி வாசல். சிவப்புத் துணி கட்டிய, என் வயது மதிக்கத்தக்க ஒருவர், வரிசையில் நிற்கும் வெள்ளைக்காரர்களின் கைகளில் சனிட்டைசர் அடித்துக்கொண்டிருந்தார். முகத்தை உற்றுப் பார்த்தேன். லெமயான் இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

“முந்தி ஆக்களின்ரை கையிலை துப்பித்தான் ஆசீர்வாதம் குடுக்கிறவையாம்” என்றாள் மாலினி. “வாறாக்கள் கண்ணுக்கு முன்னாலேயே கையைக் கழுவத் தொடங்கிட்டினமாம். அதாலை வெளியாக்களுக்கு இப்ப குடுக்கிறேல்லையாம். கைட் சொன்னவர். நல்ல காலம், என்ன அரியண்டம்!”

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“சரி, கை கழுவிட்டு வாங்கோ அண்ணை, சாப்பிடுவம்” என்று மாலினி குசினியைக் காட்டினாள். எழும்பிப் போனேன். குழாயைத் திறந்த உடனே சுடுதண்ணீர் வந்தது. சோப்புப் போட்டு, பழக்கதோஷம், முழங்கை வரை கழுவினேன்.